முட்டிக்குக் கீழே

உக்காருங்க சார், உக்காருங்க. இந்தப் பைய மடியில வச்சுக்கிறேன், ஒண்ணும் சிரமம் இல்ல. ஜன்னலோரம் வேணும்னா சொல்லுங்க, மாறிக்கிறேன். எனக்கு வெளிய பாக்க ஒண்ணும் இல்ல. ஒரு வாரமா எதப் பாத்தாலும் கொமட்டிக்கிட்டு வருது. ஆண்டிபட்டி ஸ்டாண்டுல டீ வாங்கி பாதிய கீழ ஊத்திட்டேன். டீக்காரன் மொறைக்கிறான். உன் டீ நல்லாத்தான்டா இருக்கு, எனக்குத்தான் உள்ள எறங்க மாட்டேங்குதுன்னு அவன்கிட்ட வெளக்கிக்கிட்டா இருக்க முடியும்?

மதுரைக்கா? நானும் அங்கதான். சொந்த ஊரு? ஓ, பெரியகுளமா. பெரியகுளத்துல எந்தப் பக்கம்? இல்ல இல்ல, சும்மாதான் கேட்டேன், அங்க நமக்கு ஆளுக நெறய உண்டு. சரி விடுங்க. கடலை எடுத்துக்கங்க.

நான் கபடி மாஸ்டர். தவமணி மாஸ்டர்னு எங்க சைடுல கேட்டீங்கன்னா சின்னப்புள்ள கூட வீட்டக் காட்டும். ஸ்கூல்ல பி.டி. வாத்தியார், வெளிய பொம்பளப்புள்ளைக டீமுக்குக் கோச்சு, ஜில்லா செலக்‌ஷன் கமிட்டியிலயும் இருக்கேன். ஒரு புள்ள கிரவுண்டுக்குள்ள நடந்து வர்றதப் பாத்தாப் போதும், தேறுமா தேறாதான்னு சொல்லிருவேன். இந்தக் கண்ணுதான் சார் என் சொத்து. இதுலதான் மண்ண அள்ளிப் போட்டுட்டாய்ங்க. தூ! மன்னிச்சுக்கங்க, ஜன்னலுக்கு வெளியதான் துப்பினேன்.

விசயம் இதுதான். இந்த வருசம் ஸ்டேட் கேம்புக்கு எங்க ஜில்லாவுல ஒரு ரைடருக்குத்தான் எடம். பாடிப் போற புள்ள, ஒரே ஒரு புள்ள. அந்தக் கேம்புக்குப் போயிட்டா காலேஜ்ல ஸ்போர்ட்ஸ் கோட்டா, அப்புறம் போலீசோ ரயில்வேயோ, வாழ்க்கை அப்படியே தண்டவாளத்துல ஏறிரும். என் மக பிருந்தா நடக்கப் பழகின நாள்லேர்ந்து அதுக்குத்தான் வளர்றா. மத்த புள்ளைக பொம்மை வச்சு வெளையாடயில இவ கபடிக்கு விரிக்கிற மேட்டுல உருண்டவ. அந்த எடம் அவளுக்குன்னு ஊருக்கே தெரியும். அதப் புடுங்கிட்டாய்ங்க சார். யாரு புடுங்கினாய்ங்கன்னு கேளுங்க. ஒரு லைட்டும் ஒரு கேமராவும்.

அனிட்டா ஜெபராணின்னு ஒரு பொண்ணு. நாகர்கோவில் பக்கம். டாக்டர் பட்டத்துக்குப் படிக்குது, ஊசி போடுற டாக்டர் இல்ல, வெளையாட்டுப் படிப்புல. ஒரு நாளு கிரவுண்டுக்கு வந்து, சார், கபடி புள்ளைகளோட சுறுசுறுப்ப அளக்க ஒரு டெஸ்ட்டு உருவாக்குறேன், உங்க டீம்ல நடத்திக்கலாமான்னு கேட்டுச்சு. சுறுசுறுப்ப அளக்குறதா? இது என்ன சீலைத் துணியா, முழம் போட? அப்பவே வெரட்டி விட்டிருக்கணும். நாம எளகின மனசு.

ஏம்மா, கூம்பு கூம்பா நட்டு வச்சு வளைஞ்சு வளைஞ்சு ஓட விடுற டெஸ்ட்டு ஏற்கெனவே இருக்கேன்னேன். அதுக்கு அது சொல்லுது, அதுல பாதை முன்னாடியே தெரிஞ்சுரும் சார், கபடியில தெரியாதே, எதிராளி கைய நீட்டின பொறகுதான காலு திரும்பணும்னு. பேச்சுல மட்டும் கொறச்சல் இல்ல. மேட்டுக்கு நடுவுல புள்ளைய நிக்க வச்சிரும். நாலு பக்கமும் கம்பு, கம்பு மேல லைட்டு. எது எரியும்னு யாருக்கும் தெரியாது. எரியிற பக்கம் பாஞ்சு போய்த் தொட்டுட்டு நடுவுக்குத் திரும்பணும், திரும்புறதுக்குள்ள வேற ஒண்ணு எரியும். நேரத்தக் கம்ப்யூட்டரு குறிச்சுக்கும். இம்புட்டுத்தான் டெஸ்ட்டு. கல்யாண வீட்டு சீரியல் லைட்டு மாதிரி மினுக்கு மினுக்குன்னு. இதுக்கு ஒரு பட்டம்!

இதுல இன்னொரு கூத்து. நான் எப்பவும் கோட்டோரம் நின்னு பிருந்தாவுக்குக் குரல் குடுப்பேன். இடது! வலது! திரும்பு தாயி! அவளும் என் குரலுக்குத் திரும்புவா, அம்புட்டு அழகா. அந்த அனிட்டா வந்து, சார், டெஸ்ட்டு நடக்கயில யாரும் கத்தக் கூடாது, நீங்க கொஞ்சம் அந்தப் புளியமரத்துக்கிட்ட போய் நின்னுக்கிறீங்களான்னு கேக்குது. என் கிரவுண்டுல என்னைய! போய் நின்னேன். வேற என்ன செய்ய.

சரி, ஒரு தடவ ஓடினாய்ங்கள்ல, முடிஞ்சுதா? முடியல. அடுத்த வாரம் அதே புள்ளைகளுக்கு அதே டெஸ்ட்டு மறுபடியும். போன வாரம் ஓடுனது பத்தாதாம்மான்னேன். டெஸ்ட்டு நம்பிக்கையானதான்னு பாக்கணும் சார், ரெண்டு தடவையும் ஒரே மாதிரி வந்தாத்தான் நம்பலாம்னுச்சு. மனுசன நம்பவே இங்க நாதியில்ல, இது டெஸ்ட்டுக்கு நம்பிக்கை பாக்குது.

அதுக்கப்புறம்தான் எனக்கு வலையை விரிச்சது. டெஸ்ட்டு சரியான விசயத்தத்தான் அளக்குதான்னு உறுதி பண்ணணுமாம். அதுக்குப் பழுத்த கண்ணு வேணுமாம். அனுபவம் உள்ள மூணு பேரு புள்ளைகளுக்கு மார்க்கு போடணும், அந்த மார்க்கும் டெஸ்ட்டும் ஒத்துப் போனா டெஸ்ட்டு பாஸு. போடி மாஸ்டர் ஒருத்தர், கம்பம் டீச்சர் ஒருத்தங்க, மூணாவது நீங்கதான் சார், நீங்க இல்லாம நடக்காதுன்னுச்சு. அப்ப எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

எங்க அசோசியேசன் செக்ரட்டரி ராஜாங்கம் இதுல பூந்தான். போன வருசம் ஜில்லா டீமுக்கு மாஸ்டர் தன் மகளையே எடுத்துட்டாருன்னு நாலு பேரு பேசிட்டாய்ங்க, அந்தப் பேச்சே வேண்டாம், இந்த வருசம் டெஸ்ட்டு பாதி, மூணு பேரு மார்க்கு பாதி, அதுலயே கேம்புக்கு ஆள எடுத்துருவோம்னான். எடுய்யான்னேன். எனக்கென்ன பயம்? என் மக ஓடுறா, நான் மார்க்கு போடுறேன்.

இப்ப சோலைமதியப் பத்தி உங்களுக்குச் சொல்லணும். அதுவும் எங்க டீமுதான். ரைடருதான். ஊருக்குக் கெழக்க ஒரு தெரு இருக்குல்ல, அங்கிட்டு இருந்து வர்ற புள்ள. இந்தா பாருங்க சார், நான் அதெல்லாம் பாக்குற ஆளே கெடையாது. என் வீட்டு வாசல் வரைக்கும் வந்திருக்கு அந்தப் புள்ள. டீம்ல சேத்ததே நான்தான். மேட்டு விரிக்கிறது, சுருட்டி உள்ள வைக்கிறது எல்லாம் அது பொறுப்புலதான் விட்டிருக்கேன், அம்புட்டு நம்பிக்கை. தண்ணிக்கு எல்லாருக்கும் ஒரு கேனு வச்சிருக்கோம், அது மட்டும் தனியா பாட்டிலு கொண்டு வந்துரும். நான் ஒண்ணும் சொல்லல. சேர்ந்தப்ப ஒரு தடவ சொன்னேன், அவ்வளவுதான். அதுக்கப்புறம் அதுவாத்தான் கொண்டு வருது.

மேட்ச்சுல ஏன் எறக்கலன்னு கேக்குறாய்ங்க. எறக்குவேன், எறக்காம என்ன. ஆனா ஒரு இது வேணும்ல. நாம பேசினா தலையக் குனியாது. நேரா கண்ணப் பாக்கும். வெளையாட்டுக்கு மொதல்ல பணிவு வேணும் சார். நம்ம புள்ளைகளுக்கு அது ரத்தத்துலயே இருக்கு.

எங்க விட்டேன்? ஆங், டெஸ்ட்டு. அதுல ஒரு சாக்ஸு கதை இருக்கு.

அந்த அனிட்டா ரெண்டாவது டெஸ்ட்டு அன்னைக்கு எல்லாப் புள்ளைகளுக்கும் சாக்ஸு வாங்கிட்டு வந்துச்சு. கறுப்பு சாக்ஸு, முட்டி வரைக்கும் ஏறுது. ஷூவும் எல்லாருக்கும் ஒரே மாதிரி. நான் பெருமையா நெனச்சேன் சார். பரவால்ல, ஏழைப் புள்ளைகளுக்கு நல்லது பண்ணுதேன்னு எல்லாரையும் கைதட்டச் சொன்னேன். புள்ளைகளும் தட்டுச்சுக. கேமராவத் தரையோட தரையா வச்சு படம் புடிக்கயில கூட எனக்கு உறைக்கல.

மார்க்கு போடுற அன்னைக்கு எங்க மூணு பேரையும் தனித்தனியா உக்கார வச்சு, டி.வி.யப் போட்டுச்சு. போட்டா, வெறும் காலு! முட்டிக்குக் கீழ மட்டும். மூஞ்சி கெடையாது, பேரு கெடையாது, எல்லாக் காலும் கறுப்பு சாக்ஸு. நம்பர் மட்டும் ஓரத்துல. ஏம்மா, ஆளு எங்கம்மான்னு கேட்டேன். ஆளு வேண்டாம் சார், காலு மட்டும் பாருங்க, பத்துக்கு எத்தனைன்னு போடுங்க, போதும்னுச்சு. அசிங்கமா இல்ல? கசாப்புக் கடையில காலத் தொங்க விட்ட மாதிரி ஒண்ணு மாத்தி ஒண்ணு வருது. எந்திரிச்சுப் போயிருக்கணும்.

ஆனா இந்தக் கண்ணு சும்மா இருக்குமா? நானா கண்டுபுடிச்சேன். பெத்தவனுக்குத் தெரியாதா சார், தன் புள்ள காலு? ஒரு காலு வந்துச்சு பாருங்க. ஆகா! வலது குதிகால்ல எடையப் போட்டு, இடது பக்கம் போற மாதிரி ஒரு போக்குக் காட்டி, சட்டுனு அங்கிட்டுத் திரும்புது. லைட்டு எரியவும் காலு திரும்பவும் ஒண்ணா இருக்கு. அது நான் பிருந்தாவுக்குச் சொல்லிக் குடுத்த திருப்பம் சார். வெள்ளன எந்திரிச்சு, யாரும் இல்லாத நேரத்துல, மேட்டுல தனியா வச்சுச் சொல்லிக் குடுத்தது. யாரும் இல்லன்னா, மேட்டு விரிக்க அந்தச் சோலைமதி வந்து ஓரமா நிக்கும். அதத் தவிர யாரும் இல்ல. தொடையத் தட்டிட்டேன் நான். எங்க வீட்டுக் காலும்மா இதுன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு, அடக்கிக்கிட்டேன். பத்துக்குப் பத்து. கண்ணுல தண்ணி வந்துருச்சு சார், சத்தியமா.

அப்புறம் இன்னொரு காலு வந்துச்சு. மோசம்னு சொல்ல மாட்டேன், ஆனா ஒரு தயக்கம். லைட்டு எரிஞ்ச பொறகும், யாராச்சும் சொல்லட்டும்னு காத்துக்கிட்டு நிக்கிற மாதிரி ஒரு நிப்பு. எனக்குப் பாத்த ஒடனே தெரிஞ்சு போச்சு, இது யாருன்னு. இதுதான்டா அந்தக் கெழக்குத் தெருன்னு நெனச்சேன். அஞ்சு, ஆறு போடுற காலுதான். மேட்டு விரிக்கிற புள்ள, பாவம், அஞ்சு போடலாமேன்னு ஒரு நிமிசம் தோணுச்சு. ஆனா இந்த எடம் என் மக எடம், குறுக்க எதுவும் நின்னுறக் கூடாதுல்ல. ரெண்டு போட்டேன்.

என்ன சார் அப்படிப் பாக்குறீங்க? நீங்க பேங்க்ல இருக்கேன்னீங்களே, உங்க புள்ளைக்கு ஒரு எடம்னா நீங்க கையக் கட்டிக்கிட்டு இருப்பீங்களா? இருக்க மாட்டீங்க. யாரும் இருக்க மாட்டாய்ங்க.

உசிலம்பட்டி வந்துருச்சு. டீ குடிக்க எறங்கலையா நீங்க? நானும் எறங்கல. அங்க போடுற வடையப் பாருங்க, எண்ணெயப் பாருங்க. அப்பா, அந்த வாடை! ஜன்னலச் சாத்துங்க சார்.

முடிவு சொல்ற அன்னைக்கு கிரவுண்டுல எல்லாப் புள்ளைகளும் வரிசையா நிக்குது. பெத்தவங்க வந்திருக்காங்க. என் சம்சாரம் வந்திருக்கு. பிருந்தா மொத ஆளா நிக்குறா, சோலைமதி கடைசியில. இந்த அனிட்டா மொகமெல்லாம் பல்லா என்கிட்ட ஓடி வருது. சார், மூணு பேர்லயும் உங்க மார்க்குதான் என் டெஸ்ட்டோட அப்படியே பொருந்திப் போகுது, நீங்க இல்லேன்னா என் டெஸ்ட்டு நின்னே இருக்காதுங்குது. எனக்கு நெஞ்சு நிமிந்துருச்சு. அப்புறம் சொல்லுது, ஒரே ஒரு காலு மட்டும் ஒத்து வரல சார், டெஸ்ட்டுலயும் நல்லா வந்திருக்கு, மத்த ரெண்டு பேரும் நல்ல மார்க்கு போட்டிருக்காங்க, நீங்க மட்டும் ரெண்டு போட்டிருக்கீங்க, அந்தக் கால்ல நீங்க என்ன குறை கண்டீங்கன்னு தெரிஞ்சா நான் எழுதிக்குவேன்னு.

கேட்டா சொல்லணும்ல? அதுவும் எல்லாரும் கேக்குற மாதிரி சொல்லணும்னு தோணுச்சு. மைக்கு வேற ராஜாங்கம் கையில இருந்துச்சு, வாங்கிட்டேன். அம்மா, அந்தக் கால்ல ஓட்டம் இருக்கலாம், ஆனா வளப்பு இல்லன்னேன். சில காலு ஆடுறதுக்குப் பொறக்கும், சில காலு ஓரமா நிக்கிறதுக்குப் பொறக்கும்னேன். இதெல்லாம் வீட்டுல இருந்து வரணும், அப்பன் ஆத்தா குடுக்கணும், எத்தனை லைட்டப் போட்டாலும் இல்லாதது வராதுன்னேன். சோலைமதியப் பாத்துக்கிட்டேதான் சொன்னேன். அப்பவும் அது தலையக் குனியல, நேரா என்னையவே பாக்குது. பாத்தீங்களா திமிர?

ராஜாங்கம் மைக்க வாங்கி, கவர்ல இருந்த நம்பரையும் பேரையும் வாசிச்சான். மாஸ்டர் பத்துக்குப் பத்து போட்ட காலு, சோலைமதி. மாஸ்டர் ரெண்டு போட்ட காலு...

அவனுக்கே பேரு வரல சார். பேப்பர இன்னொரு தடவ பாத்தான். பிருந்தான்னான்.

யாரும் சிரிக்கல. சிரிச்சிருந்தா கூடப் பரவாயில்ல. அப்புறம் இந்த ராஜாங்கம் எங்கிட்ட வந்து காதுல சொல்றான், மாஸ்டர், ரெண்டு புள்ளைக்கும் நடுவுல மயிரிழைதான் வித்தியாசம், போடி மாஸ்டர் பிருந்தாவுக்குத்தான் கூடப் போட்டிருக்காரு, நீங்க உள்ளபடி ஒரு ஆறு போட்டிருந்தாக் கூட உங்க புள்ளைதான் கேம்புக்குன்னு. இத எங்கிட்ட எதுக்குடா சொல்ற? போட்டவன்கிட்டயே சொல்றியே, மானங்கெட்டவனே!

திருட்டு சார் இது. நான் என் புள்ளைக்குன்னு சொல்லிக் குடுத்தத ஓரமா நின்னு பாத்துக் களவாண்டுருக்கு அது. யாரும் கேக்கலையே? அந்த சாக்ஸு மட்டும் இல்லேன்னா ஒரு செகண்டு போதும் எனக்கு. தொலிய வச்சே சொல்லிருப்பேன் யாருன்னு. நெறத்த மறைச்சு, மூஞ்சிய மறைச்சு, பேர மறைச்சு, மனுசனக் குருடாக்கிப்புட்டு, உன் கண்ணு ரொம்ப நல்ல கண்ணுன்னு சர்டிபிகேட்டு குடுக்குறாய்ங்க.

வீட்டுக்கு வந்தோம். என் சம்சாரம் தட்ட வச்சிட்டுப் போயிருச்சு. பிருந்தா ஷூவக் கழட்டல, சாக்ஸக் கழட்டல, கூடத்துலயே உக்காந்திருந்தா. அழுவான்னு பாத்தேன், அழல. அப்புறம் கேட்டா, அப்பா, அந்த ரெண்டு மார்க்கு யாருக்குன்னு நெனச்சுப் போட்டீங்கன்னு.

உனக்குன்னு தெரிஞ்சா போடுவேனா தாயின்னேன். உள்ளதத்தான சொன்னேன்? அவ என்னைய ஏற எறங்கப் பாத்தா. என்னமோ இப்பத்தான் மொத மொதப் பாக்குற மாதிரி. எந்திரிச்சு உள்ள போயி கதவச் சாத்திக்கிட்டா.

போகட்டும், சின்னப்புள்ள, ரெண்டு நாள்ல சரியாயிரும்னு நெனச்சேன். மறுநா விடிஞ்சதும் கிரவுண்டுக்குப் போறேன், மேட்டு விரிஞ்சு கெடக்கு. ஒரு முனைய அந்தச் சோலைமதி இழுக்குது, இன்னொரு முனைய என் மக இழுக்குறா. என் மக, மேட்டு விரிக்கிறா! கூப்புட்டேன், திரும்பல. விரிச்சு முடிச்சுட்டு, வேர்வையத் தொடைச்சுக்கிட்டு, கேனு பக்கத்துல இருக்கு சார், நம்ம கேனு, அதத் தாண்டிப் போயி அந்தப் புள்ளையோட பாட்டில எடுத்தா. தூக்கி எல்லாம் ஊத்திக்கல. வாய வச்சுக் குடிச்சா. என்னையப் பாத்துக்கிட்டே, நிதானமா, கடைசிச் சொட்டு வரைக்கும்.

அன்னைக்குப் புடிச்சது சார் இந்தக் கொமட்டல். அதான் சொன்னேன்ல, டீ எறங்கல, சோறு எறங்கலன்னு. கண்ண மூடினா அந்தப் பாட்டிலு வருது.

அந்தப் புள்ள அடுத்த வாரம் கேம்புக்குப் போகுது. வழியனுப்ப என் மக போறாளாம். போகட்டும். நான் விடுறதா இல்ல. அந்த அனிட்டாவோட புரொபசர் வீடு மதுரையிலதான் இருக்கு, அங்கதான் போயிக்கிட்டு இருக்கேன். அய்யா, இந்த டெஸ்ட்டு செல்லாது, திரும்ப எடுங்க, சாக்ஸு இல்லாம, மூஞ்சி தெரிய, பேரு போட்டு எடுங்க, அப்ப நான் போடுறேன் மார்க்குன்னு கேக்கப் போறேன். நியாயம்தான சார்? நீங்களே சொல்லுங்க, யாருன்னு தெரியாம ஒரு மனுசன் எப்படி சார் மார்க்கு போடுறது?

செக்கானூரணி தாண்டியாச்சு போல. பேசிப் பேசித் தொண்டை காஞ்சு போச்சு. தண்ணியா? குடுங்க குடுங்க, நல்ல மனுசன் நீங்க.

ஆமா, பெரியகுளத்துல எந்தப் பக்கம்னு நீங்க கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே சார்?